ஆளில்லாத எல்லை: தனுஷ்கோடியை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறி உட்கார்ந்தால் நான்கு மணி நேரத்தில் நாட்டின் எல்லைக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். மதுரைக்காரர்களுக்கு இது ஞாபகத்திலேயே இருப்பதில்லை. எல்லை என்றால் நம் மனதில் வருவது பனிமலையும் முள்வேலியும்தான். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிற ஊரை யார் எல்லை என்று நினைப்பார்கள்? ஆனால் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்றால் இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கி.மீ. மதுரையிலிருந்து மேலூர் போகிற தூரம்.

எல்லைப் பகுதியில் ஆட்கள் இல்லாமல் போனால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன ஆகிறது என்று கேட்டால், எல்லோரும் அருணாசலத்தையும் லடாக்கையும் காட்டுவார்கள். நானும் கொஞ்சம் கழித்துக் காட்டப்போகிறேன். ஆனால் ஜேஜே என்று இருந்த ஓர் ஊர் ஒரே ராத்திரியில் காலியாகி, அதற்கப்புறம் அங்கே நடந்ததை 60 வருடமாகப் பார்க்க முடிகிற இடம் நம் கொல்லையிலேயே இருக்கிறது. அதனால் இந்த ஆய்வுக்குத் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் 13.5 லட்சம் பேர். அருணாசலப் பிரதேசம் முழுக்கச் சேர்த்து 13.8 லட்சம் பேர். தலைக்கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். பரப்பைப் பாருங்கள்: ராமநாதபுரம் ஏறக்குறைய 4,100 சதுர கி.மீ., அருணாசலம் 83,743. நம் ராமநாதபுரத்து ஜனங்களை இருபது ராமநாதபுரம் அளவுக்கு விரித்துப் போட்ட தரையில் விதை மாதிரித் தூவினால் அதுதான் அருணாசலம். சதுர கி.மீ.க்கு 17 பேர். மதுரை மாவட்டத்தில் 800 பேருக்கு மேல். அந்த 17கூடச் சராசரிதான். எல்லையை ஒட்டிய மலைப்பகுதிகளில் அதைவிடக் குறைவு.

ஊர் காலியான கதை

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி பெரிய ஊராகிவிட்டது. எழும்பூரிலிருந்து போட் மெயில் நேராகத் தனுஷ்கோடித் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள், வியாபாரிகள், சுருட்டும் துணியும் தேங்காயெண்ணெயும் கொண்டு வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே வாசல் வழியாகப் போய்வந்தார்கள். வாசல் என்று ஒன்று இருந்ததால் அங்கே பரிசோதிக்கவும் முடிந்தது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது போர்ட்டருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் எல்லாம் போயிற்று. ஊருக்குள் வந்துகொண்டிருந்த பாம்பன் – தனுஷ்கோடி பயணிகள் ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடியைச் சரிசெய்யவில்லை. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு நின்றது. கப்பல் மட்டும் ராமேஸ்வரத்திலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஓடி, இலங்கையில் கலவரம் வந்தபின் அதுவும் நின்றது.

அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் நாக்கு அது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருப்பதால் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் எந்நேரமும் அடித்துக்கொண்டிருப்பது ஆண் கடல். அப்படிப்பட்ட மணலில் அதே ஊரைத் திரும்பக் கட்டியிருந்தால் இன்னொரு புயல் தின்றிருக்கும். உயிரைக் காப்பாற்ற ஊரைக் காலி செய்தார்கள், சரி. காலியான இடத்தை இனி யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

காலியிடத்தில் என்ன நுழைந்தது

1983க்குப் பிறகு மன்னார்ப் பக்கத்திலிருந்து அகதிகள் படகில் வரத் தொடங்கினார்கள். இலங்கைப் போர் உச்சத்துக்குப் போனபோது ஆட்களோடு சேர்ந்து எரிபொருளும் மருந்தும் ஆயுதமும் இந்தக் கடலில் போய்வந்தன. 1990இல் கடற்படை 'ஆபரேஷன் தாஷா' என்று பாக் நீரிணையில் ரோந்தைத் தொடங்கியது. உச்சிப்புளியில் கடற்படை விமான தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, தமிழ்நாடு போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஓர் ஊர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த வேலையின் ஒரு பகுதியை இப்போது கப்பலும் விமானமும் பார்க்கின்றன. டீக்கடைக்காரர் பார்த்த வேலையை ரேடார் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரேடாருக்குப் படகு தெரியும்; படகில் வருகிறவன் யார் வீட்டு மச்சான் என்று தெரியாது.

2022 மார்ச்சில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இலங்கையில் பொருளாதாரம் விழுந்து, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நேரம். அரிச்சல்முனைக்கு அப்பால் கடலுக்குள் வரிசையாக மணல் திட்டுகள் இருக்கின்றன. முதல் திட்டு, இரண்டாம் திட்டு என்று எண்ணிச் சொல்வார்கள். நான்காம் திட்டில் கைக்குழந்தையோடு ஆறு பேரைப் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போய்விட்டார். குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஒண்ட நிழல் கிடையாது. கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராப்ட் போய்த்தான் அவர்களைக் கொண்டுவந்தது. அன்று மட்டும் இரண்டு தடவையாக 16 பேர் வந்தார்கள்.

படகுக்காரர் ஏன் அங்கே இறக்கினார்? கரைக்கு வந்தால் பிடிபடுவார் என்பது ஒன்று. திட்டில் பார்க்க ஒரு கண்கூட இல்லை என்பது இன்னொன்று. அன்று இறங்கியவர்கள் பசிக்கு ஓடிவந்த குடும்பம். பாவம், அவர்களைச் சந்தேகப்படுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே திட்டில், அதே முறையில் வேறு எதையும் இறக்க முடியும். ஆளில்லாத எல்லையின் அபாயம் இதுதான். அங்கே என்ன இறங்கும் என்பதை எதிர்க்கரையில் இருக்கிறவன் தீர்மானிக்கிறான்.

சரக்கும் அப்படித்தான் போகிறது. இங்கிருந்து பீடி இலை, சமையல் மஞ்சள், கடல் அட்டை, அங்கிருந்து தங்கம். கடல் அட்டையை இந்தியாவில் 2001 முதல் பிடிக்கக்கூடாது. இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். சட்டம் கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என்றால் சரக்கு தானாகவே கோட்டைத் தாண்டும். 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே துரத்தப்பட்ட படகிலிருந்து கடலில் வீசிய 17 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்கள்.

இங்கே என் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். மண்டபம் ஆளில்லாத இடம் இல்லை. ஜனநெருக்கமான கரை. பஞ்சாப் எல்லையும் ஜனநெருக்கமானதுதான், அங்கே போதைப்பொருள் வராமலா இருக்கிறது? ஆக, வெறும் தலைக்கணக்கு யாரையும் காப்பாற்றாது. இருக்கிற ஆட்களுக்கு அந்த இடத்தில் ஒழுங்கான பிழைப்பு இருக்கிறதா, பார்த்ததைப் போய்ச் சொல்ல நம்பிக்கை இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

மதுரை போட்ட பழைய கணக்கு

இந்தப் பிரச்சினை மதுரைக்குப் புதிதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையை ஆண்டவர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். மதுரைக்குக் கிழக்கே சேதுக்கரை வரை அன்றைக்குக் காடும் கருவேலமும்தான்; ராமேஸ்வரம் போகிற யாத்திரைக்காரர்களை வழியில் மறித்துக் கொள்ளையடிப்பது வழக்கமாக இருந்தது. நாயக்கர் மதுரையிலிருந்து ஒரு படையை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1605 வாக்கில் அந்த மண்ணின் சடைக்கத் தேவரையே சேதுபதியாக்கி, பாதையைக் காக்கிற பொறுப்பைக் கொடுத்தார். சேது காவலர் என்ற பட்டம் அப்படி வந்தது.

பின்னால் வந்த சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள், ஊருணி வெட்டினார்கள், தர்மத்துக்கு ஊர்களை எழுதிவைத்தார்கள். இதை வெறும் புண்ணிய காரியமாகவே படித்துவிட்டுப் போகிறோம். சத்திரம் என்றால் அங்கே சமைக்க ஓர் ஆள், தண்ணீர் இறைக்க ஓர் ஆள், மாடு கட்ட ஓர் இடம், ராத்திரி ஒரு விளக்கு. பத்துக் கல்லுக்கு ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பாதை காவலுக்குள் வந்துவிடுகிறது. தனுஷ்கோடிச் சாலையில் முகுந்தராயர் சத்திரம் என்று ஓர் இடப்பெயர் இன்னும் இருக்கிறது. அதைத் தாண்டினால் கடைசி ஒன்பதரை கி.மீ. மணல்தான்.

கச்சத்தீவும் இந்தச் சேதுபதிகளின் ஜமீனில் இருந்ததுதான். 285 ஏக்கர், நல்ல தண்ணீர் இல்லை, நிரந்தரக் குடி இல்லை, ஓர் அந்தோணியார் கோவில், வருடத்துக்கு ஒரு திருவிழா. 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கைக்குப் போனதன் அரசியலைப் பேசப் போனால் இந்தக் கட்டுரை பத்தாது. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அங்கே நாற்பது வீடும் ஒரு ஓட்டுச்சாவடியும் இருந்திருந்தால் பேச்சுவார்த்தை வேறு மாதிரி போயிருக்கும். ஆளில்லாத நிலம் மேஜையில் வெறும் வரைபடமாகத்தான் வரும்.

சித்தப்பா சொன்ன மலை

உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தத்தில் எனக்கு ஒரு சித்தப்பா. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கிலும் அருணாசலத்திலும் இருந்திருக்கிறார். இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவர் பேசியது துப்பாக்கியைப் பற்றி இல்லை.

"ஏப்பா, நம்ம ஊர்ல கிடை போடுற கீதாரி இருக்கார்ல. எந்தக் கம்மாயில தண்ணி கெடக்கு, எவன் வயல்ல புதுசா வேலி போட்டிருக்கான், எல்லாம் அவருக்குத் தெரியும். அங்கயும் அதே கதைதான். ஆட்டுக்காரன் போற வரைக்கும்தான் நம்ம நாடு. அவன் எந்த மேட்டுல ஆடு ஓட்டுறத நிறுத்துனானோ, அந்த மேட்டுக்கு நாங்க போறதே கஷ்டம்."

இதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டாம். 1999 மே தொடக்கத்தில் பட்டாலிக் அருகே கார்கோன் கிராமத்து ஆட்டிடையர் தாஷி நம்க்யால், காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடி மலையேறினார். கையில் இருந்த பைனாகுலரில் பார்த்தபோது மேலே சிலர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கீழே வந்து ராணுவத்திடம் சொன்னதுதான் கார்கில் ஊடுருவலைப் பற்றிக் கிடைத்த முதல் தகவல்களில் முக்கியமானது. குளிர்காலத்தில் காவல்நிலைகளை விட்டு இந்தியா, பாகிஸ்தான் இரண்டு தரப்பும் கீழே இறங்குவது வழக்கம். அந்த இடைவெளியில் பாகிஸ்தான் தரப்பிலிருந்து நுழைந்தார்கள். ஒரு மாடு தொலையாமல் இருந்திருந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்குமோ.

யாருமே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் இருக்கிறது. அதன் குறுக்கே சீனா 1957இல் சாலையையே போட்டு முடித்துவிட்டது. டெல்லிக்கு அது உறைத்தது சீனப் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான். 1959இல் நேரு நாடாளுமன்றத்தில் அது புல்கூட முளைக்காத இடம் என்று பேசினார். புல் முளைத்திருந்தால் ஆடு போயிருக்கும், ஆட்டோடு ஆள் போயிருப்பான்.

தனுஷ்கோடிக்கு மலையில் ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு. உத்தரகாண்டில் திபெத் எல்லையை ஒட்டிய நேலாங், ஜாதுங் கிராமங்களை 1962 போரின்போது காலி செய்தார்கள். ஜனங்கள் கீழே பகோரிக்கு வந்தார்கள், திரும்பப் போகவே இல்லை. தனுஷ்கோடிக்கும் அதற்கும் இரண்டே வருட இடைவெளி. அங்கே போர், இங்கே புயல். இரண்டிலும் காலி செய்தது அரசுதான், நல்ல காரணத்துக்காகத்தான். இப்போது ஜாதுங்கில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாகக் கட்டி ஆள் கூட்டிவர அதே அரசு பணம் செலவழிக்கிறது. உத்தரகாண்டில் 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போயின என்று அந்த மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையம் 2018இல் கணக்குக் கொடுத்தது. யாரும் விரட்டவில்லை. பள்ளிக்கூடம் இல்லை, டாக்டர் இல்லை, விளைச்சலைக் குரங்கும் பன்றியும் தின்கின்றன, பையன் டேராடூனுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் சீனா எல்லையோரமாக 600க்கும் மேற்பட்ட புதுக் கிராமங்களைக் கட்டியிருக்கிறது. அதற்குப் பதில் மாதிரி மத்திய அரசு 2023 பிப்ரவரியில் 4,800 கோடி ரூபாயில் துடிப்பான கிராமங்கள் திட்டத்தை அறிவித்தது; முதல் சுற்றில் 663 கிராமங்கள். 2025இல் இரண்டாம் கட்டம் வந்தது, மற்ற நில எல்லைகளுக்காக. நில எல்லை என்ற சொல்லைக் கவனியுங்கள். கடல் எல்லை அதில் இல்லை. நம் கரைக்குக் கிடைப்பது கடலோரக் காவல்நிலையம், ரோந்துப் படகு. அவை வேண்டும்தான். ஆனால் ஆட்களை அங்கேயே தங்கவைக்கிற பணம் வேறு தலைப்பில் வர வேண்டும், அந்தத் தலைப்பே இன்னும் இல்லை.

கம்பிப்பாட்டில் ஒரு மத்தியானம்

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கிப் போவோம். இப்போது கார் நேராக முனையில் போய் நிற்கிறது. விடுமுறை நாளில் சித்திரைத் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத் தனுஷ்கோடிக்கு உயிர் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாயங்காலம் போலீசார் எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். கூட்டம் இருப்பது பகலில், படகு வருவது ராத்திரியில். வந்து போகிற ஆயிரம் பேரை ஜனத்தொகையில் சேர்க்க முடியாது. நேற்று இங்கே இல்லாதது எது என்று அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் கம்பிப்பாடு, பாலம் என்ற குடியிருப்புகளில் இருக்கிறார்கள். தடுக்கும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசைகள். கரைவலை இழுக்கிறவர்கள், நாட்டுப்படகுக்காரர்கள், சங்கும் பாசிமணியும் விற்கிற பெண்கள். போன மாசியில் போனபோது ஒரு அம்மா மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நாலடிகூட இருக்காது. அடியில் தண்ணீர் கசிந்து சேரச் சேரச் சின்னக் கிண்ணத்தில் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றினார். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆயிற்று. நான் ஒரு கை வாங்கிக் குடித்தேன். இனிப்பு. இரண்டு பக்கமும் கல்லெறிகிற தூரத்தில் உப்புக்கடல்.

"பட்டா கிடையாது தம்பி. ஊரே இல்லைன்னு எழுதிட்டாகளே, இல்லாத ஊருக்கு எப்படிப் பட்டா குடுப்பாக? புள்ளைக எட்டாவது வரைக்கும் இங்கன படிக்கும். அதுக்கு மேல ராமேஸ்வரம். பொம்பளப் புள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப மனசு வரல, மூத்தவளக் கட்டிக் குடுத்துட்டேன்."

ராத்திரியில் தெரியாத படகு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த அவர் மகன்தான் பதில் சொன்னான்.

"மோட்டார் சத்தத்துலயே தெரியும்ணே, நம்ம ஆளா வேத்தாளான்னு. ஆனா போய்ச் சொன்னா, 'ஒனக்கு எப்படிடா தெரியும், நீ அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்த'ன்னு நம்மளயே உக்கார வச்சுருவாக. ஒரு நா தொழில் போச்சு. அதுக்குச் சும்மா இருக்கலாம்."

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்தான் கடலின் கண்ணும் காதும் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். அடையாள அட்டை கொடுத்தார்கள், 1093, 1554 என்று இலவச எண்கள் கொடுத்தார்கள், 'சாகர் கவாச்' ஒத்திகையில் வேஷம் போட்ட தீவிரவாதிகளைப் பிடிக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பையனுக்கு ஒரு நாள் தொழில் போகும் என்ற பயம் இருக்கிறவரை அந்த எண்ணை அவன் அழுத்தப் போவதில்லை. அதே கடலில் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்களைப் பிடித்தது. இழுவைமடி போட்டு எதிர்க்கரை மீனவர்களின் வயிற்றில் அடிக்கிற நம் விசைப்படகுகளின் தப்பும் அதில் இருக்கிறது. கோட்டின் அந்தப்பக்கம் கைதி, இந்தப்பக்கம் சந்தேகக் கேஸ் என்றால் கடலில் இறங்குகிறவனுக்குக் கரையேறினால் போதும் என்றுதான் இருக்கும். கொஞ்சப் பேர் இருக்கிற எல்லையில் அந்தக் கொஞ்சப் பேரையும் அரசு இப்படித்தான் இழக்கிறது.

பழைய தனுஷ்கோடியைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மணல் தாங்காது; பக்கத்தில் தேசியக் கடல் பூங்கா வேறு. 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்குச் சரணாலயமும் அறிவித்தார்கள், நல்ல காரியம். பறவைக்கு இடம் அளந்து கொடுத்த கையோடு, அங்கே இருக்கிற மனிதர்களுக்கும் ஒரு காகிதம் கொடுத்தால் என்ன? நிலத்தின் மேல் பட்டா முடியாது என்றால் குடியிருப்பு உரிமைச் சீட்டு. புயலுக்கு ஓடி ஒதுங்க மேட்டில் ஒரு காப்பகம். மற்ற நாளில் அதுவே பள்ளிக்கூடம். பத்தாவது வரை ஒரு வேன். பார்த்ததைச் சொல்ல வருகிறவனுக்கு அன்றைய கூலி. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு ரோந்துப் படகின் விலைகூட வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பாவிடம் செல்போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். சிதைந்த தேவாலயம், தண்ணீர்த் தொட்டி, அரிச்சல்முனைத் தூண் எல்லாவற்றையும் சடசடவென்று தள்ளிக்கொண்டே போனார். அந்த அம்மா குழியில் குனிந்து மொள்கிற படம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஊத்து கோடையிலயும் ஊறுதா?"

ஊறுகிறதாம், சித்திரையில் மட்டும் கொஞ்சம் கரிக்குமாம் என்றேன்.

"அப்ப இருப்பாக" என்றார்.